மார்பகப் புற்றுநோயில் சைட்டோகைன்களும் கட்டிக் குறிப்பான்களும்

சைட்டோகைன்கள் என்பவை நோயெதிர்ப்பு உயிரணுக்களும் பிற உயிரணுக்களும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதற்காகச் சுரக்கும் சிறு புரதங்கள் ஆகும். கட்டிக் குறிப்பான்கள் என்பவை புற்றுக்கட்டியில் உருவாகி, அல்லது கட்டியின் காரணமாக உடலில் உருவாகி, குருதியிலோ திசுவிலோ அளந்தறியக்கூடிய பொருட்கள் ஆகும். மார்பகப் புற்றுநோயில் இவ்விரண்டும் நெருங்கிய தொடர்புடையவை. சைட்டோகைன்கள் கட்டி உயிரணுக்களின் மரபணுக்களைத் தூண்டியும் அடக்கியும் குறிப்பான்களின் அளவை மாற்றுகின்றன. இதனால் ஒரு குறிப்பானின் அளவு உயர்வது கட்டி வளர்ந்ததைக் காட்டலாம். உடலில் வேறொரு அழற்சி இருப்பதையும் காட்டலாம். ஆய்வறிக்கையில் உள்ள எண்ணை நோயாளியும் மருத்துவரும் எவ்வாறு புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

உலக அளவில் 2022 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், இந்தியாவில் இவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 1,92,000 எனவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. அதே ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 98,000 பெண்கள் இந்நோயால் இறந்தனர். அதாவது, ஓராண்டில் புதிதாக நோய் கண்டறியப்படுவோரின் எண்ணிக்கையில் பாதி அளவுக்கு இறப்புகள் நேர்கின்றன. நோய் முற்றிய பின்னரே பலர் மருத்துவமனைக்கு வருவது இதற்கு முதன்மையான காரணமாகும்.

வரலாறு

புற்றுநோய்க்கும் நோயெதிர்ப்பு ஆற்றலுக்கும் உள்ள தொடர்பு 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கவனிக்கப்பட்டது. நியூயார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, கடுமையான தோல் தொற்றுக்கு ஆளான சில நோயாளிகளின் கட்டிகள் சுருங்குவதைக் கண்டு, 1890களில் பாக்டீரியாக்களைக் கட்டியினுள் செலுத்திப் பார்த்தார். அவர் கண்ட விளைவுக்குக் காரணமான பொருட்களுள் ஒன்று மிகப் பின்னரே அறியப்பட்டது. 1975 இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டு குழுவினர், எலிகளின் கட்டிகளை அழுகச் செய்யும் ஒரு புரதத்தை விவரித்து, அதற்குக் கட்டி நசிவுக் காரணி எனப் பெயரிட்டனர்.

1957 இல் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் ஆகியோர் இன்டர்ஃபெரானைக் கண்டறிந்தனர். சைட்டோகைன் என்னும் சொல்லை 1974 இல் ஸ்டான்லி கோகென் பயன்படுத்தினார். வெண்குருதியணுக்களிடையே செய்தி கடத்தும் புரதங்களுக்கு இன்டர்லியூக்கின் என்னும் பொதுப்பெயர் 1979 இல் வழக்கிற்கு வந்தது. இன்டர்லியூக்கின்-6 இன் மரபணுவை 1986 இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொஷியோ இரானோ, தடமிட்சு கிஷிமோட்டோ ஆகியோரின் குழு பிரித்தறிந்தது.

கட்டிக் குறிப்பான்களின் வரலாறு தனியாகத் தொடங்கியது. 1965 இல் கனடாவின் மொன்றியால் நகரில் பில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மன் ஆகியோர் பெருங்குடல் புற்றுக்கட்டியிலும் கருவின் குடலிலும் காணப்படும் ஒரு பொருளைக் கண்டறிந்தனர். அதுவே சிஇஏ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் புற்றுக்கரு பிறபொருளெதிரியாக்கி ஆகும். 1975 இல் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் ஒற்றை மரபின பிறபொருளெதிரிகளை உருவாக்கும் முறையைக் கண்டுபிடித்த பின்னர், குருதியில் மிகச் சிறிய அளவில் உள்ள புரதங்களையும் அளக்க முடிந்தது. மார்பகப் புற்றுநோயில் இன்று மிகுதியாக அளக்கப்படும் சிஏ 15-3 இம்முறையின் பயனாக 1980களில் உருவானது.

சைட்டோகைன்கள்

சைட்டோகைன்கள் பெரும்பாலும் 5 முதல் 25 கிலோடால்ட்டன் எடையுள்ள புரதங்கள். இவற்றைப் பெருவிழுங்கிகள், நிணநீர் அணுக்கள், கொழுப்புத் திசு உயிரணுக்கள், குருதிக்குழாய்ச் சுவர் உயிரணுக்கள் ஆகியவை சுரக்கின்றன. புற்று உயிரணுக்களும் இவற்றைச் சுரக்கக்கூடியவை. ஒரு சைட்டோகைன் தனக்குரிய ஏற்பியுடன் இணைந்ததும், உயிரணுவின் உட்புறத்தில் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிச் செய்தியை உட்கருவிற்குக் கொண்டு செல்கின்றன. அங்கு சில மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன, சில அடங்குகின்றன.

மார்பகப் புற்றுநோயில் முதன்மையானவை வருமாறு:

• இன்டர்லியூக்கின்-6: ஸ்டாட்3 எனப்படும் படியெடுப்புக் காரணியைத் தூண்டுகிறது. உயிரணுப் பெருக்கத்திற்கும் உயிரணு அழியாமல் நிலைப்பதற்கும் உதவுகிறது. கல்லீரலைத் தூண்டி சி-எதிர்வினைப் புரதத்தைச் சுரக்கச் செய்கிறது.

• கட்டி நசிவுக் காரணி-ஆல்ஃபா: என்எஃப்-கப்பா-பி எனப்படும் படியெடுப்புக் காரணியைத் தூண்டுகிறது. மிகுந்த அளவில் செலுத்தப்படும்போது கட்டியை அழிக்க வல்லது. குறைந்த அளவில் நெடுநாள் சுரக்கும்போது அழற்சியை நிலைநிறுத்திக் கட்டிக்குத் துணை செய்கிறது.

• இன்டர்லியூக்கின்-1 பீட்டா: அழற்சியைத் தொடங்கி வைக்கிறது, பிற சைட்டோகைன்களின் சுரப்பைக் கூட்டுகிறது.

• இன்டர்லியூக்கின்-8: வெண்குருதியணுக்களை ஈர்க்கிறது, புதிய குருதிக்குழாய்கள் உருவாகத் தூண்டுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத கட்டிகளில் இதன் சுரப்பு மிகுதி.

• இன்டர்ஃபெரான்-காமா: நச்சுக்கொல்லி நிணநீர் அணுக்களின் செயலுக்குத் துணை நிற்கிறது. பொதுவாகக் கட்டிக்கு எதிரானது.

• உருமாற்ற வளர்ச்சிக் காரணி-பீட்டா: தொடக்க நிலையில் உயிரணுப் பெருக்கத்தைத் தடுக்கிறது. நோய் முற்றிய நிலையில் இதுவே புற்று உயிரணுக்கள் இடம்பெயர்ந்து பரவ உதவுகிறது.

இப்பட்டியலில் இருந்து ஒன்று புலனாகும். சைட்டோகைன்களை நன்மை செய்பவை, தீமை செய்பவை என இரண்டாகப் பிரிக்க இயலாது. அளவு, காலம், சுற்றுப்புறத் திசு ஆகியவற்றைப் பொறுத்து ஒரே புரதம் காவலாகவும் பகையாகவும் செயல்படும்.

கட்டிக் குறிப்பான்கள்

மார்பகப் புற்றுநோயின் குறிப்பான்கள் இரு வகைப்படும்.

முதல் வகை, குருதியில் அளக்கப்படுபவை. சிஏ 15-3 என்பது மியூசின்-1 எனப்படும் புரதத்தின் உதிர்ந்த பகுதியாகும். மியூசின்-1 இயல்பான பால்சுரப்பி உயிரணுக்களின் மேற்பரப்பிலும் உள்ளது. இயல்பு நிலையில் அது பால்நாளத்தை நோக்கிய பக்கத்தில் மட்டும் அமைந்திருக்கும். புற்று உயிரணுவில் இவ்வொழுங்கு குலைந்து, உயிரணுவின் எல்லாப் பக்கங்களிலும் அப்புரதம் பரவி, அதன் வெளிப்பகுதி உதிர்ந்து குருதியில் கலக்கிறது. பல ஆய்வகங்கள் மில்லிலீட்டருக்கு 25 முதல் 30 அலகுகள் வரை உள்ள ஏதேனும் ஓர் அளவை இதன் மேல் எல்லையாகக் கொள்கின்றன. சிஏ 27.29 என்னும் ஆய்வும் இதே மியூசினையே அளக்கிறது. சிஇஏ மற்றொரு குருதிக் குறிப்பான் ஆகும்.

இரண்டாம் வகை, கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட திசுவில் ஆராயப்படுபவை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2 புரதம், கேஐ-67 ஆகியவை இவற்றுள் அடங்கும். கேஐ-67 உயிரணுப் பெருக்கத்தின் வேகத்தைக் காட்டுவது. 1983 இல் செருமனியின் கீல் நகரில் கண்டறியப்பட்டதால் இப்பெயர் பெற்றது. சிகிச்சையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இந்தத் திசுக் குறிப்பான்களே. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிக்குத் தமாக்சிபென் போன்ற மருந்துகளும், ஹெர்2 மிகுந்த கட்டிக்கு 1998 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகளும் வழங்கப்படுகின்றன. முதல் மூன்றும் இல்லாத கட்டி மும்மறை மார்பகப் புற்றுநோய் எனப்படும்.

சைட்டோகைன்கள் குறிப்பான்களை மாற்றும் முறைகள்

மியூசின்-1 சுரப்பும் உதிர்வும்

மியூசின்-1 மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஸ்டாட் புரதங்களும் என்எஃப்-கப்பா-பி காரணியும் இணையக்கூடிய இடங்கள் உள்ளன. ஆகையால் இன்டர்லியூக்கின்-6, இன்டர்ஃபெரான்-காமா, கட்டி நசிவுக் காரணி ஆகியவை இம்மரபணுவைத் தூண்டக்கூடியவை. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மார்பகப் புற்று உயிரணுக்களில் இன்டர்ஃபெரான்-காமாவும் கட்டி நசிவுக் காரணியும் ஒன்றுசேர்ந்து செயல்படும்போது, தனித்தனியே செயல்படுவதைக் காட்டிலும் மியூசின்-1 உருவாக்கம் மிகுந்தது.

உருவாக்கம் மட்டுமன்றி உதிர்வும் சைட்டோகைன்களால் மாறுகிறது. உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை வெட்டி விடும் நொதிகளைக் கட்டி நசிவுக் காரணி தூண்டுகிறது. கருப்பை உட்சுவர் உயிரணுக்களில் செய்யப்பட்ட ஆய்வுகளில் இவ்வழியாக மியூசின்-1 உதிர்வது காட்டப்பட்டுள்ளது. குருதியில் அளக்கப்படுவது உதிர்ந்த பகுதி என்பதால், கட்டியின் பருமன் மாறாமலேயே சிஏ 15-3 அளவு கூடவோ குறையவோ வாய்ப்புண்டு.

சிஇஏ

இன்டர்ஃபெரான்கள் சிலவகைப் புற்று உயிரணுக்களின் மேற்பரப்பில் சிஇஏ அளவைக் கூட்டுகின்றன என்பது 1980களிலேயே அறியப்பட்டது. கட்டியைப் பிறபொருளெதிரிகள் எளிதில் அடையாளம் காண இதனைப் பயன்படுத்தலாமா என அக்காலத்தில் ஆராயப்பட்டது. இங்கு குறிப்பான் கூடுவது நோய் முற்றியதன் அறிகுறி அன்று. மருந்தின் விளைவு ஆகும்.

ஈஸ்ட்ரோஜன் வழித்தடம்

மாதவிடாய் நிறைவடைந்த பெண்களில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலும் மார்பகத் திசுவிலும் அரோமட்டேஸ் என்னும் நொதியால் உருவாக்கப்படுகிறது. இன்டர்லியூக்கின்-6, கட்டி நசிவுக் காரணி ஆகியவை இந்நொதியின் அளவைக் கூட்டுகின்றன. உடற்பருமன் உள்ளவர்களின் கொழுப்புத் திசுவில் பெருவிழுங்கிகள் குவிந்து இச்சைட்டோகைன்களை இடையறாது சுரக்கின்றன. மாதவிடாய் நிறைவுக்குப் பின் உடற்பருமன் உள்ள பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதற்கு இது ஒரு விளக்கம் ஆகும்.

மறுபுறம், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இன்டர்லியூக்கின்-6 மரபணுவை அடக்கி வைக்கும் இயல்புடையது. ஆகவே ஏற்பி இழந்த கட்டிகளில் இன்டர்லியூக்கின்-6, இன்டர்லியூக்கின்-8 ஆகியவற்றின் சுரப்பு கட்டுப்பாடின்றிக் கூடுகிறது.

ஹெர்2

ஹெர்2 மிகுந்த உயிரணுக்கள் தாமே இன்டர்லியூக்கின்-6 ஐச் சுரந்து, அதனால் மேலும் தூண்டப்படுகின்றன. கட்டி நசிவுக் காரணி மியூசின்-4 என்னும் மற்றொரு மேற்பரப்புப் புரதத்தைக் கூட்டுகிறது. இப்புரதம் ஹெர்2 ஐத் திரைபோல் மறைப்பதால் டிராஸ்டுசுமாப் மருந்து தன் இலக்குடன் இணைய இயலாமல் போகிறது என்று அர்ஜென்டினா ஆய்வாளர்கள் 2017 இல் காட்டினர். குறிப்பான் இருந்தும் மருந்து பயனளிக்காத நிலைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பிடி-எல்1

சைட்டோகைனுக்கும் குறிப்பானுக்கும் உள்ள தொடர்பு மிகத் தெளிவாகப் புலப்படுவது பிடி-எல்1 புரதத்தில் ஆகும். நிணநீர் அணுக்கள் கட்டியைத் தாக்கும்போது இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கின்றன. அச்செய்தியைப் பெற்ற புற்று உயிரணு, தற்காப்பாகப் பிடி-எல்1 ஐத் தன் மேற்பரப்பில் நிறுத்துகிறது. அப்புரதம் நிணநீர் அணுக்களின் தாக்குதலை நிறுத்தி விடுகிறது. எனவே திசுவில் பிடி-எல்1 மிகுதியாக இருப்பது, அங்கு ஒரு போர் நடந்து தடைப்பட்டுள்ளது என்பதன் அடையாளம். இத்தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்து, பிடி-எல்1 மிகுந்த முற்றிய மும்மறை மார்பகப் புற்றுநோய்க்கு வேதிச்சிகிச்சையுடன் சேர்த்து வழங்க 2020 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

சி-எதிர்வினைப் புரதமும் குருதிச்சோகையும்

இன்டர்லியூக்கின்-6 கல்லீரலை அடைந்ததும் சி-எதிர்வினைப் புரதம், இரும்புச்சத்தைத் தடுத்து வைக்கும் ஹெப்சிடின் ஆகியவை மிகுதியாகச் சுரக்கின்றன, அல்புமின் குறைகிறது. முற்றிய புற்றுநோயில் காணப்படும் குருதிச்சோகை, சோர்வு, உடல் மெலிவு ஆகியவற்றுக்கு இது ஒரு காரணம் ஆகும். இவை மார்பகப் புற்றுநோய்க்கே உரிய குறிப்பான்கள் அல்ல. எனினும் நோயின் போக்கை மதிப்பிட உதவுகின்றன.

தமிழ்நாட்டில் ஆய்வுகள்

மதுரை

கட்டியைச் சுற்றிக் குருதிக்குழாய்கள் எவ்வாறு உருவாகின்றன என்பது குறித்த ஆய்வில் மதுரைக்குப் பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் ஆய்வை வளர்த்தவர்களுள் ஒருவரான வீ. ரா. முத்துக்கருப்பன், அமெரிக்க ஆய்வாளர் இராபர்ட் அவர்பாக்குடன் இணைந்து, எலியின் விழிவெண்படலத்தில் புதிய குருதிக்குழாய்கள் வளர்வதை ஆராயும் முறையை 1979 இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார். விழிவெண்படலத்தில் இயல்பாகக் குருதிக்குழாய்கள் இல்லை. ஆதலால் அங்கு வைக்கப்படும் ஒரு பொருள் குருதிக்குழாய்களைத் தூண்டுகிறதா என்பதை ஐயமின்றிக் காணலாம். இன்டர்லியூக்கின்-8 போன்றவற்றின் குருதிக்குழாய்த் தூண்டு திறனை ஆராய விழிவெண்படலமே பின்னர் மிகுதியாகப் பயன்பட்டது.

சென்னை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் உள்ள மருத்துவ உயிர்வேதியியல் துறை, சைட்டோகைன்களையும் கட்டிக் குறிப்பான்களையும் ஒரே வகை நோயாளிகளிடம் அளந்த ஆய்வுகளை 2007 இல் வெளியிட்டது. தமாக்சிபென் உட்கொண்டு வந்த மார்பகப் புற்றுநோயாளிகள் இவ்வாய்வுகளில் பங்கேற்றனர், எண்ணிக்கை 84. நாளொன்றுக்கு இருமுறை 10 மில்லிகிராம் தமாக்சிபெனுடன், 100 மில்லிகிராம் துணைநொதி கியூ10, 10 மில்லிகிராம் இரைபோஃபிளேவின், 50 மில்லிகிராம் நியாசின் ஆகியவை சேர்த்து வழங்கப்பட்டன. 45 ஆம் நாளிலும் 90 ஆம் நாளிலும் குருதி ஆராயப்பட்டது.

சிகிச்சை பெறாத நோயாளிகளிடம் இன்டர்லியூக்கின்-1 பீட்டா, இன்டர்லியூக்கின்-6, இன்டர்லியூக்கின்-8, கட்டி நசிவுக் காரணி-ஆல்ஃபா, குருதிக்குழாய் அகவணி வளர்ச்சிக் காரணி ஆகியவை உயர்ந்திருந்தன. சிஇஏ, சிஏ 15-3 ஆகியவையும் உயர்ந்திருந்தன. துணைச்சத்துகள் சேர்த்து வழங்கப்பட்டபோது சைட்டோகைன்களும் குறிப்பான்களும் குறைந்தன என அத்துறை அறிவித்தது.

இம்முடிவு இரண்டு செய்திகளைத் தருகிறது. முதலாவது, சைட்டோகைன்களும் குறிப்பான்களும் ஒரே திசையில் நகர்கின்றன. இரண்டாவது, எது காரணம், எது விளைவு என்பதை இவ்வகை ஆய்வால் மட்டும் முடிவு செய்ய இயலாது. கட்டி சுருங்கியதால் இரண்டும் குறைந்திருக்கலாம். அழற்சி தணிந்ததால் குறிப்பானின் சுரப்பு மட்டும் குறைந்திருக்கலாம். ஆய்வுக் காலம் 90 நாட்களே என்பதால், நோயாளியின் வாழ்நாள் நீண்டதா, நோய் மீண்டும் வராமல் தடுக்கப்பட்டதா என்னும் வினாக்களுக்கு இதில் விடை இல்லை.

இதனை அடிப்படையாகக் கொண்டு நோயாளிகள் தாமாகவே துணைச்சத்து மாத்திரைகளை உட்கொள்வது தவறாகும். அமெரிக்காவில் வேதிச்சிகிச்சை பெற்ற 1,134 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020 இல் வெளியான ஒரு கண்காணிப்பு ஆய்வு, சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சையின்போதும் துணைநொதி கியூ10 உள்ளிட்ட உயிர்வளியேற்ற எதிர்ப்பிகளை உட்கொண்டவர்களிடம் நோய் மீண்டும் வரும் வாய்ப்பு கூடுதலாக இருக்கலாம் எனச் சுட்டியது. அது வேதிச்சிகிச்சை பற்றியது. சென்னை ஆய்வு தமாக்சிபென் பற்றியது. இரண்டையும் நேரடியாக ஒப்பிட இயலாது. எனினும் ஒரு குறிப்பானின் எண் குறைவதும் நோயாளி நலம் பெறுவதும் ஒன்றல்ல என்பதை இவை சேர்ந்து உணர்த்துகின்றன.

நோய்ப் பதிவு

1954 இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறில் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிலையம், 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேட்டைப் பேணி வருகிறது. தொடக்கக் காலத்தில் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. பின்னர் அது குறைந்து மார்பகப் புற்றுநோய் முதலிடத்திற்கு வந்தது. தமிழ்நாடு முழுவதற்குமான பதிவுத் திட்டமும் பின்னர் தொடங்கப்பட்டதால் மதுரை உள்ளிட்ட பிற மாவட்டங்களின் நிலையும் அறியக் கிடைக்கிறது.

மருத்துவப் பயன்பாடும் வரம்புகளும்

சிஏ 15-3, சிஇஏ ஆகியவை நோயில்லாத பெண்களிடம் மார்பகப் புற்றுநோயைத் தேடிக் கண்டறிய ஏற்றவை அல்ல. தொடக்க நிலைக் கட்டி உள்ள பெரும்பாலோரிடம் இவை இயல்பு அளவிலேயே இருக்கும். ஆதலால் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றில் சிஏ 15-3 இயல்பாக இருப்பதைக் கண்டு, மார்பகத்தில் தென்படும் கட்டியைப் புறக்கணிப்பது பேரிடருக்கு வழிவகுக்கும். வண்டியூரில் இருந்தாலும் வேறு எவ்வூரில் இருந்தாலும், மார்பகத்தில் புதிதாகக் கட்டி, காம்பிலிருந்து குருதி கலந்த நீர், தோலில் குழி அல்லது சுருக்கம் ஆகியவற்றைக் காணும் பெண் நாட வேண்டியது மருத்துவரின் நேரடிப் பரிசோதனை, மார்பக ஊடுகதிர்ப்படம் அல்லது மீயொலிப்படம், திசு ஆய்வு ஆகியவற்றையே.

கைகளால் செய்யப்படும் எளிய பரிசோதனையின் பயன் இந்தியாவிலேயே மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை, 35 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,51,538 பெண்களிடம் 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவை 2021 இல் வெளியிட்டது. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை மார்பகத்தைப் பரிசோதித்ததால், நோய் முற்றாத நிலையிலேயே கண்டறியப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது.

பரவிய நோய்க்குச் சிகிச்சை பெறுவோரிடம் சிஏ 15-3 பயனுள்ளது. மருந்து பயனளிக்கிறதா என்பதை அறிய, உடற்பரிசோதனை, படிமச் சோதனை ஆகியவற்றுடன் சேர்த்து இது அளக்கப்படுகிறது. அப்போதும் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்:

• புதிய சிகிச்சை தொடங்கிய முதல் 4 முதல் 6 வாரங்களில் குறிப்பான் அளவு தற்காலிகமாக உயரக்கூடும். மருந்தால் புற்று உயிரணுக்கள் சிதைந்து உள்ளிருக்கும் புரதம் வெளிப்படுவது இதற்குக் காரணமாகலாம். இதனைச் சிகிச்சைத் தோல்வி எனக் கொண்டு மருந்தை நிறுத்தி விடலாகாது.

• கல்லீரல் அழற்சி, கல்லீரல் இழைநார் வளர்ச்சி, புற்றல்லாத மார்பக நோய்கள், கருவுற்ற காலம், பாலூட்டும் காலம் ஆகியவற்றில் சிஏ 15-3 உயரலாம். உயிர்ச்சத்து பி12 குறைபாட்டால் வரும் குருதிச்சோகையிலும் உயர்வு பதிவாகியுள்ளது. குறைபாட்டைச் சரிசெய்ததும் அளவு இறங்குகிறது.

• புகைப்பிடிப்போரிடம் சிஇஏ இயல்பாகவே சற்று உயர்ந்திருக்கும். குடல் அழற்சி நோய்களிலும் உயரும்.

• வெவ்வேறு ஆய்வகக் கருவிகள் வெவ்வேறு எண்களைத் தரும். ஆகையால் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் தொடர்ந்து அளப்பது நன்று. ஒற்றை எண்ணைவிட, அடுத்தடுத்த அளவீடுகள் செல்லும் திசையே பொருள் தருவது.

• முடி, நகம் ஆகியவற்றுக்காக உட்கொள்ளப்படும் பயோட்டின் மாத்திரைகள் சில ஆய்வுமுறைகளில் பிழையான எண்ணைத் தரும். ஆய்வுக்கு முன் இதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

சைட்டோகைன்களை நேரடியாக அளந்து மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் முறை வழக்கத்தில் இல்லை. காசநோய், முடக்குவாதம், ஈறு நோய், நீரிழிவு, உடற்பருமன், எளிய காய்ச்சல் ஆகிய எதிலும் இன்டர்லியூக்கின்-6 கூடும். தொற்றும் வளர்சிதைமாற்ற நோய்களும் ஒருங்கே மிகுந்துள்ள தமிழ்நாடு போன்ற பகுதியில், உயர்ந்த சைட்டோகைன் அளவு எதனால் வந்தது எனப் பிரித்தறிவது இன்னும் கடினம்.

சிகிச்சை வாய்ப்புகள்

சைட்டோகைன்களின் செய்தியைத் தடுத்துப் புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் நடைபெறுகின்றன. இன்டர்லியூக்கின்-6 ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் முடக்குவாதத்திற்குப் பயன்படுவதாகும். மார்பகப் புற்றுநோயில் இதன் பயன் ஆராயப்பட்டு வருகிறது. ஒரு சைட்டோகைனைத் தடுப்பதால் மட்டும் கட்டி அடங்குவது அரிது. ஒரு வழி அடைபட்டால் கட்டி வேறு வழியைத் தேடிக்கொள்கிறது. மேலும் அதே சைட்டோகைன் தொற்றுகளிலிருந்து உடலைக் காப்பதும் ஆகும். இதுவரை பெரும்பயன் தந்தது, நிணநீர் அணுக்களின் மேல் உள்ள தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகளே. அவற்றின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாததாக உள்ளது.

மருந்தின்றி அழற்சியைக் குறைக்கும் வழிகளும் உண்டு. உடல் எடையைக் கட்டுக்குள் வைத்தல், நாள்தோறும் உடற்பயிற்சி, புகையிலையையும் மதுவையும் தவிர்த்தல் ஆகியவை குருதியில் சி-எதிர்வினைப் புரதத்தையும் இன்டர்லியூக்கின்-6 ஐயும் குறைக்க உதவுகின்றன. இவை சிகிச்சைக்குத் துணையாகுமே அன்றி மாற்றாகா.

இவற்றையும் பார்க்கவும்

• மார்பகப் புற்றுநோய்
• நோயெதிர்ப்பாற்றல் முறைமை
• அழற்சி
• ஒற்றை மரபின பிறபொருளெதிரி
• அடையாறு புற்றுநோய் நிலையம்
• முத்துலட்சுமி ரெட்டி